கிளவுட்ஃபிளேரா, ஏடபிள்யூஎஸ் வாஃபா, சுகுரியா? நீலகிரியின் சிறு விற்பனைத் தளங்களுக்கு ஓர் அலசல்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலையும் தைலமும் ஆன்லைனில் விற்கும் தளங்கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: வேர்ட்பிரஸ், அதன் கடை ப்ளகினான வூகாமர்ஸ், மும்பையிலோ பெங்களூரிலோ ஒரு வாடகை விபிஎஸ் (நாமே கட்டுப்படுத்தும் மெய்நிகர் சர்வர்), பார்த்துக்கொள்ள பகுதிநேரமாக ஒருவர். அப்படியொரு தளத்தின் முன்னால் நின்று தாக்குதலைத் தடுக்கும் இந்த மூன்று சேவைகளில் (வாஃப் என்பது அமேசானின் வெப் ஃபயர்வால்) நாங்கள் எடுத்தது கிளவுட்ஃபிளேர். சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எஸ்எஸ்எல் (மறையாக்கம்), கேச் (பக்கங்களைச் சேமித்து வேகமாகத் தருவது), சாதாரண டிடாஸ் வெள்ளத்தை (கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தை முடக்கும் தாக்குதலை) தாங்குவது ஆகியவற்றில் மூன்றுமே தேறும், ஏடபிள்யூஎஸ் வாஃப் மட்டும் அதன் கிளவுட்ஃப்ரன்ட் சேவையோடு சேர்ந்தால். விலையில் ஏடபிள்யூஎஸ் மலிவாகத் தெரியும்: வெப் ஏசிஎல் (விதிகளின் தொகுப்பு) ஒன்றுக்கு மாதம் 5 டாலர், விதி ஒவ்வொன்றுக்கும் 1 டாலர், பத்து லட்சம் கோரிக்கைக்கு 60 சென்ட். ஐந்து விதி வைத்தால் 10 டாலர் சொச்சம். ஆனால் இந்தப் பயன்பாட்டுக் கட்டண முறையில் கணக்கு கோரிக்கையின் பேரில் ஓடுவதால், தாக்குதலில் வரும் நூறு கோடி கோரிக்கையை வாஃப் பரிசோதித்தால் அதற்கே 600 டாலர். கிளவுட்ஃபிளேரில் இலவசத் திட்டத்திலும் டிடாஸ் எவ்வளவு பெரிதானாலும் அதற்கென்று காசு கிடையாது. ஏடபிள்யூஎஸ்ஸில் இன்னொரு தொல்லை, அதன் அடிப்படை விதித்தொகுப்பு கோரிக்கையோடு வரும் தரவு 8 கேபிக்கு மேற்பட்டால் தடுத்துவிடும். பொருளின் படத்தை ஏற்றினாலே 403 (அனுமதி மறுப்பு) வரும். அந்த விதியை முதலில் 'கவுன்ட்' (தடுக்காமல் எண்ண மட்டும் செய்யும்) நிலையில் வைக்க வேண்டும். அதிகப் போக்குவரத்தில் அதை ஓட்டிய அனுபவம் எங்களுக்குக் குறைவு.

முடிவை மாற்றியது இவை எதுவுமல்ல, பின்வாசல். முன்னால் எந்தக் காவலை நிறுத்தினாலும், சர்வரின் அசல் ஐபி (இணைய முகவரி எண்) தெரிந்தவன் நேராக அங்கே போய்விடுவான். ஐபி எங்கெல்லாம் கசியும்? பழைய டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியோடு இணைக்கும்) பதிவுகளைச் சேமித்து வைக்கும் தளங்கள், அதே சர்வரைக் காட்டும் எம்எக்ஸ், எஸ்பிஎஃப் என்ற மின்னஞ்சல் பதிவுகள், கோப்பு ஏற்ற வைத்து மறந்துபோன எஃப்டிபி துணைப்பெயர். எல்லோரும் கோட்டைவிடுவது ஆர்டர் உறுதி மின்னஞ்சல். சர்வரிலிருந்தே அது கிளம்பினால், கால் கிலோ டீத்தூளை கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் செய்து, வந்த மெயிலின் ஹெடரை, அதாவது அது வந்த வழியைச் சொல்லும் தலைப்பகுதியை, பார்த்தாலே ஐபி கையில்.

எனவே வரிசை இது. மெயிலை வேறு சேவைக்கு மாற்றுங்கள். ஆர்டர் மெயில் எஸ்எம்டிபி ரிலே (மெயிலை இடைநின்று அனுப்பும் சேவை) வழியாகப் போகட்டும். நேம்சர்வரை (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரை) கிளவுட்ஃபிளேருக்கு மாற்றுமுன் எம்எக்ஸ், டிகேஐஎம் (மெயில் கையொப்பம்) பதிவுகளைக் கையால் சரிபாருங்கள், அதன் தானியங்கி ஸ்கேன் சிலதைத் தவறவிடும். பிறகு விபிஎஸ்ஸுக்குப் புது ஐபி வாங்கி, கிளவுட்ஃபிளேரின் டன்னலை (சர்வரை அதோடு தனி வழியில் இணைக்கும் மென்பொருளை) நிறுவுங்கள். அது உள்ளிருந்து வெளியே 7844 போர்ட்டில் இணைப்பைத் தானே பிடித்துக்கொள்வதால், உள்வரும் வெப் போர்ட்களான 80, 443 இரண்டையும் ஃபயர்வாலில் மூடிவிடலாம். சோதனைக்கு, வெளியிலிருந்து கர்ல் (வலைப்பக்கத்தைக் கேட்டு வாங்கும்) கட்டளையில் தளத்தின் பெயரை நேராக அசல் ஐபிக்கே கட்டி அனுப்புங்கள். 200 (வெற்றி என்ற பதில்) வந்தால் கதவு திறந்தே கிடக்கிறது.

டன்னலுக்குப் பின் ஒரு சிக்கல் கட்டாயம் வரும்: லாகில் (வருகைப் பதிவில்) எல்லா வாடிக்கையாளரும் 127.0.0.1 (சர்வரின் சொந்த முகவரி) என்றே தெரிவார்கள். வாடிக்கையாளரின் நிஜ ஐபியைச் சொல்லிக் கிளவுட்ஃபிளேர் அனுப்பும் ஹெடரை வெப் சர்வர் படிக்கும்படி அமைக்காவிட்டால், ஒருவன் தவறான பாஸ்வேர்டு போட்டதற்கு லாகின் ப்ளகின் ஊரையே வெளியே தள்ளும்.

ஏடபிள்யூஎஸ்ஸிலும் விபிசி ஆரிஜின் என்று டன்னலுக்கு இணையான வழி உண்டு, ஆனால் சர்வரையே அங்கே குடிமாற்ற வேண்டும்.

அட்மின் பக்கத்தை ஒரே ஐபிக்குப் பூட்டும் யோசனை மலையில் எடுபடாது. மழைக்காலத்தில் பிராட்பேண்ட் போய், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை நடக்கும். ஐபி மாறிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் கிளவுட்ஃபிளேர் ஆக்சஸ் (நுழையுமுன் ஆளைச் சரிபார்க்கும் சேவை) 50 பேர் வரை இலவசம், மெயிலுக்கு ஓடிபி வரும். அட்மின் கோப்புறை முழுவதையும் பூட்டும்போது அட்மின்-ஏஜாக்ஸ் கோப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள், கடைப்பக்கமும் அதைத்தான் கூப்பிடும்.

இலவசத் திட்டத்தின் குறை, தானியங்கி நிரல்களை (பாட்) தடுக்கும் பாட் ஃபைட் மோட். கட்டண நிறுவனத்தின் வெப்ஹுக்கை (பணம் வந்ததைத் தளத்துக்குச் சொல்லும் தகவலை) அது பாட் என்று தடுத்தால், பணம் போயிருக்கும், ஆர்டர் 'பெண்டிங்' என்றே நிற்கும். விலக்கு விதி எழுதினாலும் அது மதிக்காது, அணைத்துவிடுவதே எளிய வழி. ரேட் லிமிட் (ஒரு ஐபியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு வரம்பு) விதியும் ஒன்றே ஒன்று, 10 விநாடிக் கணக்கு. மொபைல் நெட்டில் பலர் ஒரே ஐபியைப் பகிர்வதால் அதை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பலர் பகிரும் வாடகையில்) இருப்பவர்களுக்கு டன்னல் ஓடாது, ஃபயர்வாலும் கையில் இல்லை. அங்கே சுகுரி பொருந்தும்: ஏ ரெக்கார்டை (தளப் பெயருக்குரிய ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவை) மாற்றினால் போதும், அதன் பிளாட்ஃபார்ம் திட்டத்தில் மால்வேர் துப்புரவும் சேர்ந்தே வரும். ஏற்கெனவே ஹேக் ஆன தளம் என்றால் யோசிக்காமல் அதுதான்.

டன்னல் போட்டபின் தளம் முழுக்கக் கிளவுட்ஃபிளேரின் கையில். 2025 நவம்பர் 18-ல் அது சறுக்கியபோது உலகெங்கும் தளங்கள் விழுந்தன, டாஷ்போர்டுக்குள் நுழைவதே பலருக்குச் சிரமமானது. எஸ்எஸ்ஹெச்சையும் (சர்வருக்குள் நுழையும் கட்டளை வழியையும்) டன்னல் வழியே விட்டிருந்தால், விபிஎஸ் நிறுவனத்தின் வெப் கன்சோல் பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று இப்போதே ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுங்கள்.