மோர்கன் டாலரா, பீஸ் டாலரா? பழைய அமெரிக்க வெள்ளி நாணயத்தை அடையாளங்கண்டு மதிப்பிடும் முறை

பழைய அமெரிக்க வெள்ளி டாலர் என்று ஒருவர் கொண்டுவந்து காட்டும் நாணயம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: 1878 முதல் 1904 வரையும் மீண்டும் 1921இலும் அச்சான மோர்கன் டாலர், அல்லது 1921 முதல் 1928 வரையும் பிறகு 1934, 1935 ஆண்டுகளிலும் அச்சான பீஸ் டாலர். எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், வெள்ளி 90 விழுக்காடு, மீதி செம்பு என்பவை இரண்டுக்கும் பொது. தேயாத நாணயம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 24.06 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்கினால் வரும் தொகையே இரண்டுக்கும் அடிவிலை. அதற்குமேல் எவ்வளவு என்று கேட்கும்போதுதான் இரண்டும் வெவ்வேறு வழியில் பிரிகின்றன.

இனங்காண்பது எளிது. 1921இல் இரண்டு வகையும் அச்சானதால், அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் ஆண்டெண் உதவாது. உருவத்தைத்தான் பார்க்க வேண்டும். மோர்கனில் சுதந்திர தேவி தொப்பியும் கோதுமைக் கதிரும் பருத்திக் காயும் சூடியிருக்கிறாள், பின்பக்கத்துக் கழுகு சிறகை விரித்து நிற்கிறது. பீஸ் டாலரில் அவள் தலையைச் சுற்றிக் கதிர்முடி, பின்பக்கத்தில் சிறகை மடக்கிப் பாறைமேல் அமர்ந்த கழுகு. முன்னதை வடித்தவர் இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் மோர்கன். பின்னதை வடித்தவர் இத்தாலியில் பிறந்த ஆண்டனி டி ஃபிரான்சிஷி. முதல் உலகப் போர் முடிந்து அமைதி திரும்பியதன் நினைவாகப் பிறந்தது பீஸ் டாலர்.

அடுத்து அக்கசாலைக் குறி, அதாவது நாணயம் எந்த ஆலையில் அச்சானது என்று காட்டும் எழுத்து. இரண்டிலும் அது பின்பக்கத்தில்தான் இருக்கிறது: மோர்கனில் மலர்வளையத்தின் முடிச்சுக்குக் கீழே, பீஸில் ‘ஒன்’ என்ற சொல்லுக்குக் கீழே, கழுகின் சிறகு நுனியை ஒட்டி. ‘எஸ்’ என்றால் சான் பிரான்சிஸ்கோ, ‘ஓ’ என்றால் நியூ ஆர்லியன்ஸ், ‘சிசி’ என்றால் நெவாடாவின் கார்சன் சிட்டி, ‘டி’ என்றால் டென்வர். குறியே இல்லையென்றால் பிலடெல்பியா. பீஸ் டாலர் பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே அச்சானது. மோர்கன் இந்த ஐந்து இடங்களிலிருந்தும் வந்திருக்கிறது.

‘குறைவாக அச்சானது விலை உயர்ந்தது’ என்ற பொது விதியை மோர்கனுக்குப் பொருத்தினால் ஏமாற்றமே மிஞ்சும் என்பது என் உறுதியான கருத்து. 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. எந்த ஆண்டு, எந்த அக்கசாலை என்ற பதிவு வைக்கப்படவில்லை. அந்த வெள்ளியின் பெரும்பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, போர்க்காலத்தில் வெள்ளித் தட்டுப்பாட்டில் தவித்த இந்தியாவின் ரூபாய்க்காக இங்கே வந்து சேர்ந்தது. ஆகவே நம் ஊர்ப் பெட்டிகளில் கிடக்கும் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள் சிலவற்றில் பழைய மோர்கன்களின் வெள்ளி கலந்திருக்கக்கூடும். மறுபுறம், உருக்கத் தப்பிய மூட்டைகள் அரசுக் கருவூலத்தில் பல பத்தாண்டுகள் உறங்கின. 44 லட்சத்துக்கு மேல் அச்சான 1903 ‘ஓ’ நாணயம் 1962 வரை மிக அரியதாக மதிக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் மூட்டை மூட்டையாக வெளிவந்ததும் விலை சரிந்தது. கார்சன் சிட்டியின் 1885 நாணயம் 2,28,000 மட்டுமே அச்சானது, 1889 நாணயம் 3,50,000. ஆயினும் முன்னதில் பெரும்பகுதி கருவூலத்தில் புதிதாகவே தப்பியதால், இன்று பன்மடங்கு விலை பெறுவது பின்னதுதான்.

பீஸ் டாலரில் இத்தகைய திருப்பம் குறைவு. 3,60,649 மட்டுமே அச்சான பிலடெல்பியாவின் 1928 நாணயம் எதிர்பார்த்தபடியே அரிதானது. இங்கே விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாணயத்தின் நிலை. 1934 ‘எஸ்’ பத்து லட்சத்துக்குச் சற்று மேல் அச்சாகியும், தேயாத நிலையில் 1928ஐவிட அதிக விலைக்குப் போகிறது. ஏனெனில் பெரும்பாலானவை புழக்கத்தில் தேய்ந்துவிட்டன.

நிலையைக் கணிக்கும்போது, மோர்கனில் காதுக்கு மேலுள்ள கூந்தலையும் கழுகின் மார்பையும் உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் நாணயங்களில் பல அழுத்தம் குறைவாகவே அச்சானவை. அவற்றில் கூந்தல் தட்டையாகத் தெரிந்தாலும் தேய்மானம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. விளக்கடியில் மெல்லச் சாய்த்துச் சுழற்றும்போது ஒளிப்பட்டைகள் நாணயத்தின்மீது சுற்றி ஓடினால் அது தேயாதது. பீஸ் டாலரில் இந்தக் கணிப்பு இன்னும் கடினம்: 1921ஆம் ஆண்டு நாணயம் புடைப்பு அதிகமானது, ஆகவே நடுப்பகுதி சரியாக அச்சாகாமல் போயிருக்கும், அகன்ற மழமழப்பான பரப்பில் மூட்டைக்குள் உரசிய ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரியும்.

எதுவானாலும் தேய்த்துத் துலக்கக்கூடாது. வெள்ளி விளக்குக்கு விபூதி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம்; நாணயத்தில் அது நுண்கீறல்களை உண்டாக்கி மதிப்பைப் பெருமளவு அழித்துவிடும். உரைகல்லில் உரசிப் பார்க்கவும் அனுமதிக்கக்கூடாது.

போலிகள் இரண்டிலும் உண்டு, ஆனால் ஏமாற்றும் வழி வேறு. மோர்கனில் மிக விரும்பப்படும் 1893 ‘எஸ்’ ஒரு லட்சம் மட்டுமே அச்சானது. அதனால் குறியில்லாத 1893 நாணயத்தில் ‘எஸ்’ எழுத்தை ஒட்டிவிடுகிறார்கள். பீஸில் நேர்மாறாக, மலிவான 1928 ‘எஸ்’ நாணயத்திலிருந்து எழுத்தைச் சுரண்டி பிலடெல்பியாவினுடையதாக விற்கிறார்கள். காந்தத்தில் ஒட்டினாலோ, எடை தெளிவாக மாறுபட்டாலோ உடனே ஒதுக்கலாம். ஆனால் இப்படி எழுத்தில் கைவைத்த நாணயம் உண்மையான வெள்ளி என்பதால் அந்தச் சோதனைகளில் தேறிவிடும்.

எனவே 1 முதல் 70 வரை தரமெண் கொடுத்து உறையிடும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்களுக்கு எதை அனுப்புவது என்பதில் நான் பாகுபாடு காட்டுவேன். கார்சன் சிட்டிக் குறியுள்ள மோர்கனும், 1893 ‘எஸ்’, 1928 பிலடெல்பியா போன்றவையும் கட்டணம் கொடுத்துச் சோதிக்கத் தக்கவை. கோடிக்கணக்கில் அச்சான 1921 மோர்கனும் 1922 பீஸும் தேய்ந்த நிலையில் இருந்தால், அந்தக் கட்டணமே நாணயம் வெள்ளி விலைக்கு மேல் தரும் தொகையை விழுங்கிவிடும். அவற்றை நம்பகமான நாணய வணிகர் இருவரிடம் காட்டி விலை கேட்பது போதும்.