பக்கத்து நட்சத்திரம் சீறுவதை நாமே பார்க்கலாம்: லைட்கர்வ் பற்றி ஒரு விமர்சனம்

'இரண்டாவது பூமி கிடைத்துவிட்டது' என்று அடிக்கடி செய்தி வருகிறதல்லவா, அதை முழுசாகப் படித்தால் பல சமயம் அது ஏதோ ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரத்தை, அதாவது சூரியனைவிடச் சின்னதாக, மங்கலாக இருக்கும் நட்சத்திரத்தை, சுற்றும் கோளாக இருக்கும். வெப்பம் அளவாக இருக்கும், தண்ணீர் திரவமாக இருக்க வாய்ப்பு உண்டு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த நட்சத்திரத்தின் குணம் என்ன என்று ஒரு வரி இருக்காது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது, ஏனென்றால் சிவப்புக் குள்ளன்கள் விஷயத்தில் கோளைவிட நட்சத்திரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். அதை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள லைட்கர்வ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. வானியலில் ஆர்வம் இருந்து, பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தவர்கள் இதைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும்.

நாசாவின் கெப்ளர், டெஸ் விண்தொலைநோக்கிகள் எடுத்த தரவெல்லாம் பால்டிமோரில் இருக்கும் மாஸ்ட் காப்பகத்தில் பொதுவில் கிடக்கிறது. லைட்கர்வ் அங்கே போய்த் தேடி, கோப்பை இறக்கி, நட்சத்திரத்தின் வெளிச்சம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்கியது என்று வரைபடம் போட்டுக் காட்டும். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கணினியில் நிறுவ மனமில்லை என்றால், உலாவியிலேயே நிரல் ஓட்டவிடும் கூகுள் கோலாபில் ஓட்டலாம் (அதற்கு மட்டும் கூகுள் கணக்கு வேண்டும்). நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்துத் தேடுவது, இறக்குவது, வரைவது எல்லாம் சேர்த்து நாலு வரி நிரல்தான், கோப்பும் சுமார் 2 எம்பி, சாதாரண இணைப்பிலேயே வந்துவிடும். தேடினால் ஒரே நட்சத்திரத்துக்குப் பல குழுக்கள் தயாரித்த தரவு வரிசையாக வந்து புதியவர்களைக் குழப்பும். ஆரம்பத்தில் ஸ்பாக் (SPOC) என்று போட்டிருக்கும், 120 விநாடிக்கு ஒரு புள்ளி கொண்ட தரவை எடுத்துக்கொண்டால் போதும்.

முதலில் பிராக்சிமா சென்டாரியைப் போட்டுப் பாருங்கள். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் அதுதான், 4.24 ஒளியாண்டு. டெஸ் அதை 2019 ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை 11, 12 ஆம் செக்டார்களில் தொடர்ந்து பார்த்தது (செக்டார் என்பது டெஸ் ஒரு தடவைக்குத் தொடர்ந்து பார்க்கும் வானப் பகுதி). வரைபடம் வந்ததும் கிட்டத்தட்ட தட்டையான ஒரு பட்டை தெரியும், அதிலிருந்து அங்கங்கே ஊசிகள் மேலே குத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு ஊசியும் ஒரு ஃபிளேர், அதாவது நட்சத்திரத்தில் நடக்கும் திடீர் வெடிப்பு. ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டு மூன்று புள்ளிகளுக்குள், அதாவது சில நிமிடங்களில், செங்குத்தாக ஏறும், அப்புறம் சரிவாக, சில சமயம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொண்டு இறங்கும். இறங்கும் வழியிலேயே இன்னொன்று கிளம்புவதும் உண்டு. செக்டாருக்கு நடுவே ஒரு வெற்றிடம் வரும், அது கோளாறில்லை, செயற்கைக்கோள் பூமிப் பக்கம் வந்து தரவை அனுப்பும் நேரம். இந்த இரண்டு செக்டார்களையும் அலசிய ஆய்வாளர்கள் 72 ஃபிளேர்களை எண்ணியிருக்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, அந்த ஊசிகளைத் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம்.

இது ஏன் முக்கியம்? பிராக்சிமா சூரியனின் எடையில் எட்டில் ஒரு பங்குதான். இவ்வளவு சின்ன நட்சத்திரத்தின் உட்பகுதி முழுவதும் கொதித்துப் புரண்டுகொண்டே இருக்கிறது. அதனால் காந்தப்புலம் பலமாக உருவாகி, முறுக்கேறி, அறுந்து மறுபடி இணையும்போது ஃபிளேராக வெடிக்கிறது. நட்சத்திரம் மங்கல் என்பதால் கோளும் ஒட்டி நின்றால்தான் குளிர் காய முடியும். 2016-ல் கண்டுபிடிக்கப்பட்ட பிராக்சிமா பி, 11.2 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் இருபதில் ஒரு பங்குதான் இடைவெளி. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை அடி வாங்க வேண்டும். அதே 2016 மார்ச்சில் சிலியில் இருக்கும் எவ்ரிஸ்கோப் தொலைநோக்கி பதிவுசெய்த ஒரு ராட்சத ஃபிளேரில் பிராக்சிமாவின் வெளிச்சம் சுமார் 68 மடங்கு எகிறியது. தொலைநோக்கி இல்லாமல் பார்க்கவே முடியாத நட்சத்திரம், நல்ல இருட்டு வானத்தில் வெறும் கண்ணுக்கு எட்டும் விளிம்புவரை ஒரு கணம் வந்துபோனது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். லைட்கர்வின் இயல்பான அமைப்புகள் கோள் தேடுகிறவர்களுக்குத்தான் பொருந்தும். கோள் குறுக்கே போனால் வெளிச்சம் லேசாகக் குறையும், அதைப் பிடிப்பதற்கு ஃபிளேர் ஒரு இடைஞ்சல். ஆகவே விலகிய புள்ளிகளை நீக்கும் கட்டளையை அப்படியே ஓட்டினால், நடு மதிப்பிலிருந்து (மீடியன்) ஐந்து சிக்மாவுக்கு, அதாவது வழக்கமான சிதறலின் ஐந்து மடங்குக்கு, மேல் போகும் புள்ளிகளை இரு பக்கமும் வெட்டிவிடும்; கல் பொறுக்கச் சொன்னால் அரிசியையே கொட்டிவிடுவது மாதிரி, நாம் தேடி வந்த ஃபிளேர்தான் முதலில் போகும். மேல் எல்லையை முடிவிலி என்று கொடுத்து, கீழ்ப்பக்கம் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்கி வரைபடத்தைச் சமப்படுத்தும் கட்டளையிலும் இதே கவனம் வேண்டும். அதன் இயல்பான சாளர அளவு, அதாவது ஒரு தடவைக்கு அது சேர்த்துப் பார்க்கும் நீளம், 101 புள்ளிகள், இரண்டு நிமிடத் தரவில் சுமார் மூன்றேகால் மணி நேரம். நீண்டு இறங்கும் பெரிய ஃபிளேரின் வாலை அது மெதுவான ஏற்ற இறக்கம் என்று நினைத்துச் சேர்த்தே சமப்படுத்திவிடக்கூடும், அப்படி ஆனால் ஆற்றல் கணக்குக் குறைந்துவிடும். சாளரத்தைப் பெரிதாக்கி, சமப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, மென்பொருளில் இல்லை, செயற்கைக்கோளிலேயே இருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் போடும் பொய்ப் புள்ளிகளைத் தவிர்க்க, இரண்டு நிமிடத் தரவில் டெஸ் ஒவ்வொரு பத்து சிறு பதிவுகளிலும் அதிகமானதையும் குறைவானதையும் தூக்கிப் போட்டுவிடுகிறது. மின்னல் வேகத்தில் ஏறும் ஃபிளேரின் உச்சி இதில் கொஞ்சம் தேய்ந்துபோகும். 2020 ஜூலைக்குப் பிந்தைய 20 விநாடித் தரவில் இந்த வெட்டு கிடையாது, கிடைக்கும் நட்சத்திரங்களுக்கு அதையே எடுங்கள். கோப்பு இறங்கும்போது இணைப்பு அறுந்தால் பாதிக் கோப்பு சேமிப்பில் தங்கி, அடுத்த முறை பிழை காட்டும். பிழைச் செய்தியிலேயே கோப்பின் இடம் இருக்கும், அழித்துவிட்டு மறுபடி இறக்கினால் சரியாகிவிடும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. இதைப் பயன்படுத்தும் எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய பெரிய விஷயம் வேறு. 11 ஆம் செக்டார் வரைபடத்தில் கீழ் அச்சில் (அது நாள் கணக்கு) 1604.5 முதல் 1605.5 வரையுள்ள பகுதிக்குப் போங்கள், அது 2019 மே 1. அன்று பிராக்சிமாவில் ஒரு ஃபிளேர் வெடித்தது. ஹபிள் தொலைநோக்கியின் புற ஊதாப் பதிவில் வெளிச்சம் 14,000 மடங்குக்கு மேல் ஏறியது, சிலியின் ஆல்மா ரேடியோ தொலைநோக்கி பார்த்த மில்லிமீட்டர் அலையில் 1,000 மடங்குக்கு மேல். டெஸ்ஸும் அதே நேரத்தில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் அதன் பதிவில் வந்தது மிகச் சிறிய மேடு, அதுவும் சற்றுத் தாமதமாக. காரணம், டெஸ் பார்ப்பது 600 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான சிவப்பு, அகச்சிவப்பு ஒளி மட்டும். கோளின் காற்றுமண்டலத்தை உடைப்பதோ புற ஊதாவும் எக்ஸ் கதிரும். ஊசி உயரமாக இருந்தால் ஆபத்து அதிகம், குட்டையாக இருந்தால் குறைவு என்று இந்த வரைபடத்தை வைத்து முடிவு கட்டவே கூடாது. ஃபிளேரோடு பாய்ந்து வரும் துகள்களும் இதில் தெரியாது. 1985-ல் ஏடி லியோனிஸ் நட்சத்திரத்தில் வெடித்த பெரிய ஃபிளேரை வைத்து, பூமி போன்ற ஒரு கோளுக்குச் செய்த கணிப்புகளில், புற ஊதா மட்டும் ஓசோனைப் பெரிதாகக் கெடுக்கவில்லை, கூடவே புரோட்டான்கள் வந்தால்தான் பெருமளவு அழிந்தது. அடி தொடர்ந்து விழுந்தால் ஓசோன் மீண்டு வர நேரமே கிடைக்காது.

அதற்காகச் சிவப்புக் குள்ளன்கள் எல்லாமே உயிருக்கு லாயக்கில்லை என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. இதே டெஸ் தரவில், வேகமாகச் சுழலும் நான்கு சிவப்புக் குள்ளன்களின் பெரிய ஃபிளேர்கள் எல்லாம் துருவத்துக்கு அருகே, 55 பாகைக்கு மேலான அட்சத்தில் வெடித்ததாக 2021-ல் ஒரு ஆய்வு காட்டியது. அப்படியானால் நடுக்கோட்டுத் தளத்தில் சுற்றும் கோள்கள் நேரடி அடியிலிருந்து ஓரளவு தப்பலாம். சில நட்சத்திரங்களை வைத்து வந்த முடிவுதான், ஆனாலும் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பிராக்சிமா பழகிய பிறகு ஏயூ மைக்ரோஸ்கோப்பியைப் போடுங்கள், இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் அதுதான். சுமார் 2 கோடி வயசுதான் ஆகும் இளம் நட்சத்திரம், 4.86 நாளுக்கு ஒரு முறை சுழல்கிறது, அதன் கரும்புள்ளிகளால் வெளிச்சம் அலை அலையாக ஏறி இறங்கும். அந்த அலையின் மேல் ஃபிளேர்கள் முளைத்திருக்கும், நடுவில் 8.46 நாளுக்கு ஒரு தரம் கோள் குறுக்கே போகும் சின்னப் பள்ளமும் வரும். நட்சத்திரத்தின் சுழற்சி, சீற்றம், கோள் மூன்றும் ஒரே கோட்டில்! டிராப்பிஸ்ட் 1 என்ற சிவப்புக் குள்ளனுக்கு, கெப்ளரின் இரண்டாம் கட்டப் பணியின் (K2) 12 ஆம் தொடர்த் தரவைத் தேடுங்கள், அதில் 42 ஃபிளேர்கள் பதிவாகியிருக்கின்றன.

நிரல் பக்கமே போகாதவர்களுக்கு இது சரிப்படாது, ஆவணங்களும் ஆங்கிலத்தில்தான். ஆனால் கல்லூரி இயற்பியல் மாணவர்கள், பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்கள், நிரல் எழுதிப் பழக நல்ல உண்மையான தரவு தேடுகிறவர்கள் யாராக இருந்தாலும் தயங்காமல் இறங்கலாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஃபிளேர்களைக் கண்ணால் எண்ணி முடித்த பிறகு, தானாகவே கண்டுபிடித்து ஆற்றலும் கணக்கிட ஆல்டாய்போனி என்ற இன்னொரு இலவசத் தொகுப்பு இருக்கிறது, லைட்கர்வ் மேலேயே ஓடும். ஆனால் முதல் செக்டாரையாவது கையால் எண்ணிவிட்டு அதற்குப் போங்கள், எதை விட்டுவிட்டது, எதைத் தப்பாகச் சேர்த்தது என்று அப்போதுதான் பிடிபடும்.