16 சோதனை தண்ணீர் டெஸ்ட் ஸ்ட்ரிப்: இரும்புக்குச் சரி, பாதரசத்துக்கு?

சாயக் கட்டங்கள் ஒட்டிய ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் முக்கும் முன் டப்பாவோடு வரும் நிற அட்டையை ஒரு நிமிடம் படியுங்கள். காரீயத்துக்கான கட்டங்கள் லிட்டருக்கு 0, 20, 50, 100 மைக்ரோகிராம் என்று ஏறுகின்றன. பாதரசத்துக்கு 0-ஐ விட்டால் அடுத்தது 2. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 (2012) அனுமதிப்பதோ காரீயம் 10, பாதரசம் 1. லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் காரீயம் உள்ள தண்ணீர், வரம்பைப்போல ஒன்றரை மடங்கு. இந்த அட்டையில் அது 0-க்கும் 20-க்கும் நடுவே எங்கோ மங்கலாக நிற்கும். பார்க்கிறவர் 'ஒன்றும் இல்லை' என்று டப்பாவை மூடிவிடுவார். காட்மியத்துக்கும் ஆர்செனிக்குக்கும் கட்டமே கிடையாது.

தாளில் வெறுமனே 'ஈயம்' என்று போட்டிருப்பதும் குழப்பம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். இந்த ஸ்ட்ரிப் தேடுவது காரீயத்தை. (மலிவுச் சொம்பில் காரீயக் கலப்பு இருக்கலாம். அதைப் பிடிக்க இது உதவாது, புளியின் நிறமே கட்டத்தை மறைத்துவிடும்.)

2 நொடி முக்கி, உதறி, கிடைமட்டமாகப் பிடித்து, 60 நொடியில் பகல் வெளிச்சத்தில் படிக்க வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு கட்டத்துச் சாயம் அடுத்ததில் வழியும். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாக் கட்டமும் ஒரே நிறம்தான். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊரில் மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்துவைத்தால் காற்றின் ஈரமே கட்டங்களைக் கெடுத்துவிடும். ஈரக் கையை உள்ளே விடவே கூடாது.

கடினத்தன்மை, பிஎச், இரும்பு, குளோரின் பார்க்க இது காசுக்கு மோசமில்லை. வாளியில் துருக்கறை விழுகிற கிணறு என்றால் இரும்புக் கட்டம் தெளிவாகவே காட்டும். ஆனால் அதே துரு பக்கத்துக் கட்டங்களிலும் மஞ்சளாக ஏறும். காயலோரத்தில் உப்பேறிய கிணறுகளில் சிக்கல் வேறு: குளோரைடு பாதரசத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் சாயத்தோடு சேரப் பாதரசம் மிஞ்சாமல் போகலாம், 0 என்றே காட்டலாம். ஆர்ஓ விற்க வருபவர் நீட்டும் டிடிஎஸ் மீட்டர் இதைவிட மோசம். அது அளப்பது மொத்த உப்பை, உலோகத்தை அல்ல.

உலோகம் பற்றி உண்மையான சந்தேகம் இருந்தால் லேபுக்குத்தான் போக வேண்டும். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, பாதரசத்தை எவ்வளவு குறைந்த அளவு வரை அளக்கிறீர்கள் என்பது. 10 மைக்ரோகிராமுக்குக் கீழே அளக்க முடியாத லேப் தரும் 'பிடிஎல்' (அளக்கும் எல்லைக்குக் கீழே) ரிப்போர்ட், 1 என்ற வரம்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பாதரசத்துக்குக் கோல்ட் வேப்பர் (குளிர் ஆவி) முறை அல்லது ஐசிபி-எம்எஸ் கேளுங்கள், இரண்டும் மிகக் குறைந்த அளவையும் அளப்பவை. என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) சான்று இருக்கிறது என்பது மட்டும் போதாது. சான்றின் பட்டியலில் 'தண்ணீரில் பாதரசம்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாட்டிலை லேபிலேயே வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் பாதரசம் சுவரில் ஒட்டும், சுவர் வழியே நழுவவும் செய்யும். நைட்ரிக் அமிலம் விட்டுத் தரும் கண்ணாடிப் பாட்டிலை அலசிவிடாதீர்கள், அமிலம் போய்விடும். அமிலமிட்ட சாம்பிளில் பாதரசத்துக்கு 28 நாள், மற்ற உலோகங்களுக்கு 6 மாதம் வரை தாங்கும். காரீயத்துக்கு இரண்டு சாம்பிள்: இரவு முழுக்க நின்ற தண்ணீரின் முதல் பிடி ஒன்று, ஐந்து நிமிடம் திறந்துவிட்ட பின் ஒன்று. முதலில் கூடி, இரண்டாவதில் குறைந்தால் குற்றவாளி பித்தளைக் குழாயோ பழைய பிவிசியோதான், கிணறு அல்ல.

பாதரசத்துக்குக் கிணற்றைவிட மீனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சேற்றிலுள்ள பாக்டீரியா அதை மீதைல் மெர்க்குரி ஆக்குகிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது சேர்ந்துகொண்டே போகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் தெரியவந்த பாதரச நச்சு நோயும் மீன் வழி வந்ததுதான். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் பிடிக்கிற சுறாவும் கேரையும் (ஒரு சூரை வகை) இந்த ஏணியின் உச்சியில் இருப்பவை. சாளையும் (மத்தி) நெத்தோலியும் (நெத்திலி) அடியில். கர்ப்பிணிகளுக்குச் சாளையே நல்லது. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸில் மீதைல் மெர்க்குரி வரம்பு கிலோவுக்குச் சுறாவில் 1.6 மில்லிகிராம், சூரை வகைகளில் 1.2.

மீன் கழுவிய தண்ணீரில் ஸ்ட்ரிப்பை முக்குவது வீண். பாதரசம் தசைப் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. கழுவினாலும் போகாது, குழம்பு வைத்தாலும் போகாது. லேபுக்குத் தோல் நீக்கிய சதையை ஐஸில் வைத்துக் கொடுங்கள். ரிப்போர்ட் ஈர எடையிலா உலர் எடையிலா என்றும் கேளுங்கள். பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். உலர் எடைக் கணக்கில் எண் ஏறத்தாழ நாலு மடங்காகத் தெரியும். சுறாக் கருவாட்டில் வந்த எண்ணையும் பச்சை மீன் வரம்போடு அப்படியே ஒப்பிட முடியாது.