கை தூக்குறதா, தபாலா, ஓடிபியா? முன்னாள் மாணவர் சங்கத் தேர்தலுக்கு எது சரிப்பட்டு வரும்

போன தடவை எங்க காலேஜ் முன்னாள் மாணவர் சங்கத் தேர்தல் மொத்தமா நாலு நிமிஷம் கூட நடக்கல. செமினார் ஹால் கதவு பக்கத்துல ஒரு டேபிள், அதுல ஒரு லாங் சைஸ் நோட்டு, நூல்ல கட்டின பேனா, கையெழுத்து போட்டா சாப்பாட்டு டோக்கன். மேடையில செக்ரட்டரி ஒரு தாள்ல இருந்து புது நிர்வாகிகள் பேரை வாசிச்சார், முன்வரிசையில ஒருத்தர் முன்மொழிஞ்சார், பக்கத்துல இருந்தவர் வழிமொழிஞ்சார், "ஆட்சேபணை யாருக்காவது உண்டா"ன்னு கேட்டு மூச்சு விடறதுக்குள்ள கைதட்டல். ட்ரெஷரர் எந்திரிச்சு "கணக்கு பிரிண்ட் அவுட் வாசல் டேபிள்ல இருக்கு, படிச்சதா எடுத்துக்கலாமா"ன்னு கேட்டார், எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. நான் வெளிய வந்து பாத்தேன், டேபிள்ல பிரிண்ட் அவுட் இல்ல. நோட்டுல கையெழுத்தை எண்ணினேன், 41. லைஃப் மெம்பர்ஸ் மூவாயிரத்துக்கு மேல.

இதுல யாரும் காசு அடிச்சாங்கன்னு நான் சொல்லல, அந்த செக்ரட்டரி லீவு போட்டு சொந்த வண்டியில அலைஞ்சு வேலை பாக்கறவர். ஆனா மூவாயிரம் பேர் கட்டின சந்தாவும் ஸ்காலர்ஷிப்புக்குன்னு வர்ற டொனேஷனும் 41 பேர் கைதட்டுல ஒரு பெட்டியில இருந்து இன்னொரு பெட்டிக்கு போகுதுன்னா அது எனக்கு உறுத்துது. அதனாலதான் வேற எப்படி எல்லாம் நடத்தலாம்னு உக்காந்து பாத்தேன், பாத்ததை இங்க எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடணும். நம்ம ஊர்ல நிறைய காலேஜ்ல சங்கம் பதிவு பண்ணதுக்கே காரணம், காலேஜுக்கு தரம் பாத்து கிரேடு குடுத்த நாக் (NAAC) கமிட்டி. அவங்க கிரேடு மதிப்பீட்டுல 5.4-னு ஒரு பகுதியே முன்னாள் மாணவர் பங்களிப்புக்குன்னு இருந்துச்சு, பதிவு பண்ண சங்கம் இருக்கா, என்ன செஞ்சிருக்குன்னு கேட்டாங்க. அதுக்காக அவசரமா பைலா (சங்கத்தோட விதிமுறை) எழுதி, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல பதிவு பண்ணி, சர்டிஃபிகேட்டை ஃபைல்ல வெச்சுடறாங்க, தேர்தல் எப்படி நடக்கணும்ங்கற பக்கம் மட்டும் வேற ஏதோ சங்கத்து பைலால இருந்து காப்பி அடிச்சதா இருக்கும். ஆனா அந்தச் சட்டம் வெறும் சர்டிஃபிகேட் தர்ற சட்டம் இல்ல. நிர்வாகக் குழுவோட காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னு அதுல இருக்கு, திரும்ப அவங்களே வரலாம், ஆனா தேர்ந்தெடுக்கப்பட்டுதான் வரணும். உங்க சங்கத்துல பத்து வருஷமா அதே தலைவர்னா நடுவுல தேர்தல் நடந்ததா மினிட்ஸ் புக்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

சரி, வழிகளுக்கு வர்றேன்.

நேர்ல வந்து ஓட்டு போடறதுக்கு ஒரு பெரிய பலம் இருக்கு, அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆள் முன்னாடி நிக்கறான், அடையாளம் தெரியும், வேட்பாளரை முகத்துக்கு நேரா கேள்வி கேக்கலாம், பெட்டியை எல்லார் கண்ணு முன்னாடியும் தொறந்து எண்ணலாம், தோத்தவனுக்கும் சந்தேகம் வராது. ஆனா யார் வருவா? உள்ளூர்ல இருக்கறவங்க, ரிட்டயர் ஆனவங்க, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருக்கறவங்க. சிங்கப்பூர்லயும் டல்லஸ்லயும் இருக்கறவன் டொனேஷன் மட்டும் அனுப்பலாம். குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு வர்றதுன்னு யோசிக்கற எங்க பேட்ச் பொண்ணுங்க நிறைய பேர் ஒரு தடவை கூட வந்ததில்ல. இதெல்லாம் சோம்பேறித்தனம்னு பழைய ஆளுங்க சொல்றாங்க, எனக்கு அப்படி தோணல, 400 கிலோமீட்டர் தள்ளி பெட்டியை வெச்சுட்டு வரலைன்னு சொல்றது நியாயமா?

தபால் ஓட்டு கேக்க நல்லா இருக்கும். உள் கவர்ல ஓட்டுச்சீட்டு, வெளிக் கவர்ல கையெழுத்து போட்ட உறுதிமொழி, ரகசியமும் இருக்கும் அடையாளமும் இருக்கும். பிரச்சனை முகவரிதான். ஃபைனல் இயர்ல ஃபார்ம் நிரப்பும்போது குடுத்த அப்பா வீட்டு அட்ரஸ், அந்த வீடே இப்ப அபார்ட்மெண்டா மாறியிருக்கும். ரிஜிஸ்டர்டு போஸ்ட்டையும் 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, மூவாயிரம் கவருக்கு போக வர எவ்ளோ ஆகும்னு கணக்கு போட்டா சின்ன சங்கம் தாங்காது. மொபைலே தொடாத மூத்தவங்க கேட்டா மட்டும் அனுப்பலாம், அதுக்கு மேல இதைப் பத்தி பேச எனக்கு ஒண்ணும் இல்ல.

ஆன்லைன் ஓட்டுக்கு வருவோம், இதுலதான் எல்லாரும் நம்பிக்கை வெச்சிருக்காங்க. ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி கதை இதுக்கு நல்ல உதாரணம். அங்க சான்சலரை, அதாவது வேந்தரை, முன்னாள் மாணவர்களும் அங்க வேலை பாக்கற ஆசிரியர்களும்தான் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறாங்க. 2003-ல கிறிஸ் பேட்டன் ஜெயிச்சப்போ நேர்ல ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய் பட்டமளிப்பு அங்கி போட்டுக்கிட்டு ஓட்டு போடணும், அவருக்கு விழுந்தது 4,203 ஓட்டு. 2024-ல முதல் தடவையா ஆன்லைன்ல வெச்சாங்க, கடைசி சுத்துல வில்லியம் ஹேக் 12,609, எலிஷ் ஆஞ்சியோலினி 11,006. தோத்தவங்க வாங்கின ஓட்டே போன தடவை ஜெயிச்சவர் வாங்கினதை விட ரெண்டரை மடங்கு. இதைப் பாத்துட்டு ஆன்லைன் ஆக்கினா போதும்னு ஓடிடாதீங்க. ஓட்டுரிமை இருந்தவங்க ரெண்டரை லட்சம் பேருக்கு மேல, அதுல போட்டது கிட்டத்தட்ட பத்துல ஒருத்தர். முன்கூட்டியே ரிஜிஸ்டர் பண்ணணும்னு வேற வெச்சிருந்தாங்க, அந்த தேதியை விட்டவன் அதோட வெளியதான். அதாவது ஆன்லைன் தூரத்தை குறைக்குது, எனக்கு என்ன வந்துச்சுங்கற எண்ணத்தை குறைக்கல.

நம்ம ஊர் நடைமுறைக்கு ஆன்லைன்ல நான் பாக்கற ஓட்டைகள் வேற. ஒண்ணு, சிக்கனமா முடிக்கலாம்னு கூகுள் ஃபார்ம் அனுப்பறது. மெயில் ஐடி வாங்கற ஃபார்ம்ல யார் யாருக்கு போட்டாங்கன்னு ஷீட்டை தொறந்தா வரிசையா தெரியும், மெயில் ஐடி வாங்கலைன்னா ஒரே ஆள் வேற வேற அக்கவுண்ட்ல பல தடவை போடலாம். ரெண்டுமே தேர்தல் இல்ல. இன்னொண்ணு இதை விட மோசம், பேட்ச் ரெப் போன் பண்ணி "சார் உங்களுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க, நானே போட்டுடறேன்"னு கேக்கறது. எங்க சீனியர் ஒருத்தர் பாசமா சொல்லிட்டாராம், கெட்ட எண்ணமே இல்ல, ஆனா அது அவர் ஓட்டு இல்லையே. அப்புறம் இதுவரைக்கும் யார் போடலைங்கற லிஸ்ட் பதவியில இருக்கற பேனலுக்கு மட்டும் போயிட்டா அவங்க மட்டும் தேடித் தேடி போன் பண்ணுவாங்க.

இதுக்கெல்லாம் புதுசா கண்டுபிடிக்க வேண்டியதே இல்ல. ஷேர் வெச்சிருக்கறவங்களுக்கு தெரியும், லிஸ்டட் கம்பெனி பொதுக்கூட்டத்துக்கு முன்னாடி ஷேர் கணக்கு வெச்சிருக்கற என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் நிறுவனங்களோட பிளாட்ஃபார்ம்ல ஈ-ஓட்டிங் வரும். குறைஞ்சது மூணு நாள் தொறந்திருக்கணும், கூட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் 5 மணிக்கு மூடணும், கம்பெனியில வேலை பாக்காத ஸ்க்ரூட்டினைசர் ஒருத்தர் எண்ணி ரிப்போர்ட் குடுக்கணும். அந்த விதி சங்கங்களுக்கு பொருந்தாதுதான், ஆனா அதே அச்சுல பைலாவை திருத்தி எழுதிக்கறதுக்கு யாரும் தடை போடல, சிறப்புத் தீர்மானம் போட்டு பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும், அவ்ளோதான். மூணு நாள்ங்கறதும் சும்மா இல்ல, நம்ம ராத்திரி டல்லஸ்காரனுக்கு பகல், நைட் ஷிஃப்ட் ஆளுக்கும் ஒரு நாளாவது நேரம் கிடைக்கும்.

எந்த வழியா இருந்தாலும் அடியில இருக்கறது வாக்காளர் பட்டியல். இந்த வருஷம் எங்க டிபார்ட்மெண்ட் பட்டியலை சரி பாக்கற வேலையை நான் கேட்டு வாங்கினேன். லேண்ட்லைன் நம்பர் பாதி செத்துப் போயிருந்துச்சு, பொண்ணுங்க பேர்ல இனிஷியல் மாறியிருந்துச்சு, ஒரே ஆள் ரெண்டு உறுப்பினர் எண்ல இருந்தார். 1984 பேட்ச் சார் ஒருத்தருக்கு போன் போட்டேன், பையன் எடுத்தார், அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு அங்கிள்னார். சங்கத்துல இருந்து இரங்கல் செய்தி கூட போகல, ஆனா பட்டியல்ல அவர் பேர் உயிரோட இருக்கு. போனை வெச்சுட்டு கொஞ்ச நேரம் அடுத்த நம்பருக்கு போட முடியல. அந்த பேர்ல நாளைக்கு ஒரு மொபைல் நம்பரை மாத்தி வெச்சா ஓடிபி எங்க போகும்னு யோசிங்க. பட்டியலை 60 நாளுக்கு முன்னாடி வெளியிட்டு, ஆட்சேபணை வாங்கி, திருத்தி, அப்புறம் பூட்டணும், பூட்டினதுக்கு அப்புறம் எந்த நம்பரை மாத்தினாலும் தேர்தல் அதிகாரி கையெழுத்து இல்லாம மாத்தக்கூடாது.

அடுத்து யாரும் பேசாத விஷயம், ஓட்டுச்சீட்டுல பேர் எப்படி வருது. பழைய கமிட்டியே புது கமிட்டியை சிபாரிசு பண்றது ஒரு வழி, உறுப்பினர்கள் கையெழுத்து வாங்கி நேரா நிக்கறது இன்னொரு வழி. ஹார்வர்ட் யுனிவர்சிட்டியில முன்னாள் மாணவர்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கற ஓவர்சீயர்ஸ் போர்டுக்கு (மேற்பார்வைக் குழு) ரெண்டு வழியும் உண்டு. 2016-ல 201 கையெழுத்து இருந்தா வெளி ஆள் நிக்கலாம்னு இருந்துச்சு, அதே வருஷம் அதை மொத்த வாக்காளர்ல ஒரு சதவீதம்னு ஏத்திட்டாங்க, 2024-ல அது 3,238 கையெழுத்துன்னு வந்து நின்னுச்சு, அந்த வருஷம் முயற்சி பண்ணவங்க யாராலயும் அதைத் தொட முடியல. யேல் யுனிவர்சிட்டி 2021-ல கையெழுத்து வழியையே மூடிடுச்சு. கமிட்டி சிபாரிசு வழிக்கு ஒரு நியாயம் உண்டு, வேலை செய்யற ஆளை தேடிப் பிடிச்சு கொண்டு வருவாங்க, பணபலம் உள்ள ஒரு கும்பல் திடீர்னு உள்ள புகுறதை தடுக்கும். ஆனா மத்த கதவு சாத்தியிருந்தா, ஓட்டு பெட்டி எவ்ளோ நவீனமா இருந்தாலும் உள்ள போற பேர் ஏற்கனவே முடிவானதுதான், அப்புறம் எவன் லாகின் பண்ணி ஓட்டு போடுவான்? நம்ம அளவு சங்கத்துக்கு வேற வேற பேட்ச்ல இருந்து 10 கையெழுத்துன்னு வெச்சா போதும்னு நினைக்கறேன், கதவும் தொறந்திருக்கும், விளையாட்டுக்கு நிக்கறவனும் கொஞ்சம் யோசிப்பான்.

போட்டியின்றி தேர்வுன்னு பெருமையா போடறாங்களே, அது பத்தி ஒரு வார்த்தை. மனஸ்தாபம் வேணாம், நாமெல்லாம் ஒரே குடும்பம்னு சொல்றது எனக்கும் புரியுது, ஊர்ல சங்கம் உடைஞ்சு ரெண்டு பேனர் தொங்கறதை பாத்தவன்தான் நானும். ஆனா போட்டி இல்லைன்னாலும் இந்த ஆட்களை ஏத்துக்கறீங்களா இல்லையான்னு ஒரு ஓட்டாவது வெக்கலாமே.

கணக்கு கேக்கறதுலயும் ரெண்டு வழி இருக்கு. தப்பு நடந்த பிறகு புகார் குடுக்கறது ஒண்ணு. சட்டப்படி பதிவாளர் தானாவே விசாரிக்கலாம், இல்ல மூணுல ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் குடுத்தா விசாரிக்கலாம். மூவாயிரம் பேர்ல ஆயிரம் கையெழுத்து, பொதுக்குழுவுக்கே 41 பேர் வர்ற இடத்துல யார் திரட்டறது? அதனால முன்னாடியே காட்டற வழிதான் எனக்கு சரியா படுது. ஆடிட் பண்ண வரவு செலவு, போன தடவை குடுத்த வாக்குறுதியில என்ன நடந்துச்சு, எத்தனை கமிட்டி மீட்டிங்குக்கு யார் யார் வந்தாங்க, இந்த மூணும் ஓட்டு லிங்க் வர்ற அதே மெயில்லயே வரணும். ஸ்காலர்ஷிப்புக்கு நான் குடுத்த அஞ்சாயிரம் எங்க போச்சுன்னு பாக்கறதுக்காக மெயிலை தொறக்கறவன், அப்படியே ஓட்டும் போட்டுட்டுப் போவான். ஆளுக்கு பத்து ரிமைண்டர் அனுப்பறதை விட இது வேலை செய்யும்னு நான் நம்பறேன், ஏன்னா என்னை முதல் தடவை பொதுக்குழுவுக்கு இழுத்துட்டு வந்ததும் அந்தக் கேள்விதான்.

ஆக என் ஓட்டு எதுக்குன்னா, மூணு நாள் ஆன்லைன், கேட்டவங்களுக்கு மட்டும் தபால், கடைசி நாள் காலேஜ்ல உதவிக்கு ஒரு டேபிள், அங்க வர்றவங்களும் அதே சிஸ்டத்துலதான் போடணும், ரெண்டு பட்டியல் இருக்கவே கூடாது. எண்ணறதுக்கு எந்த பேட்ச்சுக்கும் சொந்தம் இல்லாத வெளி ஆள். கமிட்டியில ஒரே நேரத்துல எல்லாரும் மாறாம வருஷா வருஷம் மூணுல ஒரு பங்கு மாறணும், அப்பதான் வருஷம் ஒரு தடவையாவது ஜனங்க முன்னாடி வந்து நிப்பாங்க, பழைய ஆட்களோட அனுபவமும் ஒரேயடியா போகாது.

இதை எழுதி செக்ரட்டரிகிட்ட குடுத்திருக்கேன். வாங்கிப் படிச்சார், பட்டியல் 60 நாளுக்கு முன்னாடிங்கற இடத்துல பேனாவால கோடு போட்டு "இதை நீங்களே செஞ்சு தருவீங்களா"ன்னு கேட்டார். நாலு டிபார்ட்மெண்ட் பட்டியல் வாங்கிட்டு வந்திருக்கேன், தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேல இருபது நம்பர். உங்க பழைய டிபார்ட்மெண்ட் பேர்ல புது நம்பர்ல இருந்து கால் வந்தா தயவுசெஞ்சு எடுங்க, ஓடிபி எதுவும் கேக்க மாட்டேன், இப்ப இருக்கற ஊரும் மெயிலும் மட்டும் போதும்.