ஆர்.சி. படத்தில் சேஸிஸ் நம்பரை விரலால் மறைத்தால் உஷாராகுங்கள்

2024 ஆடி மாதம் வேதாரண்யம் சாலையில், திருப்பூண்டி தாண்டிப் பின் டயர் பஞ்சர். டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். அடியில் நான்காக மடித்த ஒரு கடிதம் கிடந்தது. ஓரமெல்லாம் பூஞ்சை, நடுவில் கிரீஸ் கறை. கார் கம்பெனி 2017-இல் அனுப்பியது. பெறுநர் முதல் உரிமையாளர், சென்னை முகவரி. உங்கள் வாகனத்தில் முன் பயணி பக்க ஏர்பேக்கின் இன்ஃப்ளேட்டரை இலவசமாக மாற்ற வேண்டியிருக்கிறது, அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை உடனே அணுகவும் என்று இருந்தது.

வண்டி வாங்கி அப்போது நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அந்தப் பயணி சீட்டில்தான் மனைவி உட்கார்ந்து வந்தாள். பல நாள் இரண்டு வயதுப் பையன் அவள் மடியில். குழந்தையை முன் சீட்டில் வைத்தது என் தப்பு, அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. மற்றதற்குச் சொல்வேன்.

வாங்கிய கதை இதுதான். திருச்சியில் ஒரு பழைய கார் விற்பனை நிலையம். பெயர் எழுதப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. 2012 மாடல் பெட்ரோல் செடான், வெள்ளை நிறம், இரண்டாவது ஓனர், மீட்டரில் 58,200 கிலோமீட்டர், விலை 3,35,000. அம்மாவை மாதம் ஒருமுறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், டிக்கி பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. ஆர்.சி. படம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல், சிவப்புக் கல் மோதிரம் போட்டது. "நம்பரை யாராவது தப்பா யூஸ் பண்ணிருவாங்க சார், நேர்ல வாங்க காட்டுறேன்" என்றார் விற்பவர். நியாயமாகத்தான் பட்டது. நேரில் போனபோது வண்டி பளபளப்பில் அதைக் கேட்கவே மறந்துபோனேன்.

அரசின் 'வாகன்' இணையப் பக்கத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். இன்சூரன்ஸ் இருக்கிறது, கடன் பாக்கி இல்லை, எத்தனையாவது ஓனர் என்பது சரி. அதோடு திருப்தியாகிவிட்டேன். ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்வது, பற்றி அங்கே ஒரு வரி இல்லை. இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை; ரீகால் என்ற சொல்லே அதுவரை எனக்குப் பேப்பரில் படிக்கிற சமாசாரம்தான்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். அந்த இன்ஃப்ளேட்டர் டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்தது. ஏர்பேக் பையை ஊத வைக்கும் சின்ன உலோக டப்பா அது. உள்ளே அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள். வருடக்கணக்கில் வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்தால் ஈரம் ஏறி வில்லை கெட்டுவிடுகிறது. அப்புறம் மோதலின்போது எரிய வேண்டிய வேகத்தைவிட வேகமாக எரிந்து, டப்பாவே வெடித்துத் தகடு சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. காப்பாற்ற வைத்த பொருளே ஆளைக் கொல்கிறது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திரும்ப அழைத்தார்கள். அங்கும் புளோரிடா, ஹவாய் மாதிரி வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களுக்குத்தான் முதல் முன்னுரிமை. நம்மைப் போலவே புழுங்கும் மலேசியாவில் 2014-இல் ஒரு கர்ப்பிணி இப்படி இறந்தார். டகாட்டா 2017-இல் திவாலானது. இதைப் பொருத்தியிருந்தது ஒரு கம்பெனி அல்ல: ஹோண்டா, டொயோட்டா, நிசான், பி.எம்.டபிள்யூ, ஃபோர்டு என்று பட்டியல் நீளம். அதனால் என் வண்டி எது என்பது இங்கே முக்கியமில்லை. நான் இருப்பது நாகப்பட்டினம். கடலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும், வண்டி வெட்டவெளியில்தான் நிற்கும். அன்று ராத்திரி இதையெல்லாம் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுச் சேஸிஸ் நம்பரைச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் பதில்: "ஆமா சார், பெண்டிங்ல இருக்கு. எத்தனாவது ஓனரா இருந்தாலும் ஃப்ரீதான்." பாகம் வர பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அதன்மேல் அரிசி மூட்டையைப் போட்டு வைத்திருந்தேன், யாரும் மறந்துகூட உட்கார்ந்துவிடக் கூடாது என்று.

மாற்றும் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பழையதைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அன்றைக்குத்தான் இரண்டாவது அடி. அட்வைசர் தம்பி மீட்டரைப் பார்க்கிறான், கம்ப்யூட்டரைப் பார்க்கிறான், மறுபடி மீட்டரைப் பார்க்கிறான். "சார், இந்த வண்டி 2015-லயே 71,800 ஓடியிருக்கே? இப்ப 61 ஆயிரம்னு காட்டுது?" அதுதான் அங்கே கடைசியாகப் பதிவான சர்வீஸ். அதற்கப்புறம் வண்டி வெளி ஒர்க்‌ஷாப்பிலேயே ஓடியிருக்கிறது, அதனால்தான் ரீகால் யார் கண்ணிலும் படவில்லை. 2015-க்கும் 2024-க்கும் இடையில் எத்தனை ஆயிரம் ஓடியது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

திரும்பி வரும்போது சிக்னலில் நின்று பிரேக் பெடலைப் பார்த்தேன். ரப்பர் புத்தம் புதுசு. வாங்கும்போது நானே தொட்டுப் பார்த்து, நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று மெச்சியது. 58 ஆயிரம் ஓடிய வண்டிக்குப் பெடல் ரப்பர் மாற்ற வேண்டிய அவசியமே வந்திருக்காது. அந்த நேரத்தில் புத்தி எங்கே போனதோ.

விற்றவரிடம் போனேன். கடிதத்தையும் சர்வீஸ் பிரிண்டையும் மேசையில் வைத்தேன். கடிதத்தைப் படிக்கவே இல்லை, பக்கத்தில் தள்ளிவிட்டார். "ரீகால்லாம் கம்பெனி பிரச்சினை சார். மீட்டர் எங்களுக்கு வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. நீங்கதான் ஓட்டிப் பாத்து எடுத்தீங்க." ஒப்பந்தத்தில் 'உள்ளது உள்ளபடி' என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார். கடைசியில், பேட்டரி வேண்டுமானால் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். பேட்டரி!

1915-க்கு அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்தேன். பலனில்லை என்றதும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது: 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். என் ஆளிடம் அதைக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது வக்கீல் கேட்டிருக்கிறார், இன்னும் வரவில்லை.

ரீகால் விஷயத்தில் அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் விதி 2021 ஏப்ரலில்தான் வந்தது, அதுவும் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. என்னுடையதைப் போன்ற பழசுக்குக் கம்பெனி தானாக அழைப்பதுதான். கம்பெனி கையில் இருப்பது பெரும்பாலும் முதல் ஓனரின் முகவரியும் போன் நம்பரும். வண்டி கைமாறிய பிறகு கடிதம் நம்மைத் தேடி வராது, நாம்தான் தேடிப் போக வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும் 17 இடச் சேஸிஸ் நம்பரை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வாங்கி, வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டு, கம்பெனியின் இணையப் பக்கத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். ரீகால் பாக்கியும் சர்வீஸ் விவரமும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு அந்தப் போனுக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் அது நல்ல சகுனமல்ல, பல்பைப் பிடுங்கியிருக்கலாம். என் வண்டியில் அது மட்டும் சரியாக இருந்தது.

அடுத்த வாய்தா தை மாதம். நேற்று அதே நிலையத்தின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இன்னொரு செடான், சில்வர் கலர், 2011 மாடல், 'சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ்டு'. கூடவே ஆர்.சி. படம். சேஸிஸ் நம்பர் மேல் அதே சிவப்புக் கல் மோதிரம்.