வெளியேறும் பங்குக்கு யார் விலை வைப்பது? முதல் வாங்குரிமையும் ஷாட்கன் விதியும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் நண்பர்கள் இருவர், ஒருவர் 60 விழுக்காடும் மற்றவர் 40 விழுக்காடும் போட்டு, ஒரு சரக்குப் போக்குவரத்து செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்குதாரர் ஒப்பந்தத்தில் இலாபப் பங்கீட்டை வரிவரியாகப் படிப்பவர்கள், விலகும்போது பங்கை யாருக்கு, என்ன விலைக்கு விற்பது என்ற பிரிவை வழக்கறிஞரிடம் விட்டுவிடுவதே வழக்கம். பின்னாளில் சண்டை மூள்வது பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான்.

பரவலாகக் காணப்படுவது முதல் வாங்குரிமை: வெளியார் ஒருவர் 5 லட்சம் ரிங்கிட் தருவதாகச் சொன்னால், அதே விலைக்கு முதலில் கூட்டாளியிடம் கேட்க வேண்டும். கேட்க நியாயமாக இருந்தாலும் இதில் ஓட்டைகள் உண்டு. வந்த விலை மெய்யானதா, கூட்டாளியை மிரட்ட ஏற்பாடு செய்யப்பட்டதா என்ற ஐயம் எழும்; கடைசியில் கை நழுவிப் போகக்கூடிய பங்குக்காகக் கணக்குகளை ஆராய்ந்து செலவு செய்ய வெளியாரும் தயங்குவார். இவற்றைவிடச் சிக்கலானது, பங்கை வைத்திருப்பது இன்னொரு நிறுவனமாக இருக்கும்போது, அந்தத் தாய் நிறுவனத்தையே விற்றுவிடுவது. கூட்டு நிறுவனத்தின் பங்கேட்டில் ஒரு பெயரும் மாறாது. ஆனால் எதிரே உட்காருபவர் புதியவர். கட்டுப்பாடு கைமாறுவதையும் பங்கு மாற்றமாகக் கருத வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் வாதாடுவது கடினம்.

ஷாட்கன் விதியில் வெளியாருக்கு இடமில்லை. ஒருவர் விலை சொல்வார்; அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்பதை மற்றவர் முடிவு செய்வார். அண்ணன் பங்கு பிரிக்க, தம்பி முதலில் எடுப்பது போன்ற ஏற்பாடு. இருவர் கையிலும் சமமாகப் பணம் இருந்தால் இதைப் போல வேகமான தீர்வு இல்லை. இல்லையெனில், ஒப்பந்தம் தரும் கெடு 30 நாள் என்றால், அதற்குள் மற்றவரால் பணம் திரட்ட முடியாது என்று தெரிந்தே ஒருவர் குறைந்த விலை சொல்ல, அந்த மற்றவர் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். எனவே 50–50 கூட்டில், வசதியும் ஒத்திருந்தால் மட்டுமே இதை ஏற்கலாம் என்பது என் கருத்து. நம் 60–40 நண்பர்களுக்கு, சுயேச்சைக் கணக்காளர் விலையை மதிப்பிடும் முறையோடு கூடிய முதல் வாங்குரிமையே பொருந்தும். சிறுபான்மைப் பங்கு என்பதற்காக மதிப்பில் கழிவு உண்டா இல்லையா என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிக்காகவே இரு தரப்பும் தனித்தனி மதிப்பீட்டாளரை அமர்த்துவார்கள்.

எதைத் தேர்ந்தாலும் அதை நிறுவனத்தின் அமைப்பு விதியிலும் (நிறுவனத்தை நடத்தும் அடிப்படை விதித் தொகுப்பு) சேர்ப்பது நல்லது. ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அமைப்பு விதி நிறுவனத்தையும் எல்லா உறுப்பினர்களையும் கட்டுப்படுத்தும். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, பங்கு மாற்றத்தைப் பதிய மறுக்கும் இயக்குநர்கள் 30 நாளுக்குள் முழுக் காரணங்களோடு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்த மறுப்புக்கு அமைப்பு விதியில் இடமிருந்தால் நிலை உறுதியாகும். அமைப்பு விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானத்துக்கு 75 விழுக்காடு வாக்கு தேவை என்பதால், 60 வைத்திருப்பவர் தனியாக மாற்றிவிடவும் முடியாது.

இரண்டு வழிகளிலுமே விடுபட்டுப்போவது வங்கிக்குத் தந்த பிணை. ஒரு கூட்டாளி பங்கை விற்று விலகிய பிறகும், நிறுவனத்தின் லாரிக் கடனுக்கு அவர் தந்த தனிநபர் உத்தரவாதம் வங்கி விடுவிக்கும்வரை அவர் தலையில்தான் இருக்கும்.