பக்கவாதத்துக்கு ‘ரோபோ கையுறை’ வாங்க நினைப்போர் கவனத்துக்கு

பாபநாசம் அருகே விவசாயம் பார்த்துவந்த என் அப்பாவுக்குக் கார்த்திகையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. முதல் ஆறு மாதங்களில்தான் வேகமாகத் தேறும், பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார். அந்த மாதங்கள் வீணாகிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில்தான் நான் ஏமாந்தேன்.

கைபேசியில் விளம்பரம் பார்த்துப் பேசிய மறுநாளே விற்பனையாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். விரல்களைத் தானே மூடித் திறக்கவைக்கும், காற்றுக்குழாய் பொருத்திய கையுறை, அதை இயக்கும் சிறு பெட்டி, பயிற்சியைக் கணக்கிடும் செயலி எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய் என்றும், வாரம் இருமுறை இயன்முறை மருத்துவர் காணொளியில் பார்த்துப் பயிற்சியை மாற்றித் தருவார் என்றும், தொண்ணூறே நாளில் அப்பா தம் கையாலேயே சாப்பிடுவார் என்றும் உறுதியளித்தார். சம்பா நெல் போட்ட பணம் அப்போதுதான் வங்கியில் ஏறியிருந்தது, கொடுத்துவிட்டேன்.

காணொளி அழைப்பு இரண்டே முறை வந்தது. இரண்டிலும் பேசியவர் அப்பாவின் கையைக் காட்டச் சொல்லக்கூட இல்லை. செயலியிலோ மதிப்பெண் நாளுக்கு நாள் ஏறி, மூன்றாவது வாரம் 82 என்று காட்டியது. ஆனால் அப்பாவால் ஒரு விரலைக்கூடத் தாமாக நீட்ட முடியவில்லை. இறுகி மடங்கியிருந்த கட்டைவிரலைக் கையுறை வெடுக்கென்று இழுத்ததில் விரலிடுக்கு சிவந்து, மணிக்கட்டும் வீங்கியது. ஒருநாள் இரவு சந்தேகம் தாளாமல், கையுறையை யாரும் மாட்டாமல் மேசைமேல் வைத்து இயக்கினேன். வெறும் கையுறை இருபது நிமிடம் மூடித் திறந்தது. செயலி அதற்கும் 84 மதிப்பெண் போட்டது.

நோயாளியின் முயற்சியை அளக்கும் எந்த உணர்கருவியும் அதில் இல்லை. இயந்திரம் கையை அசைத்தால் மூட்டு இறுகாமலிருக்க ஓரளவு உதவலாம்; ஆனால் நோயாளி தாமே முயன்று, தவறி, மறுபடி முயலும்போதுதான் மூளை அந்த அசைவைத் திரும்பக் கற்கிறது. பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்விலேயே, ரோபோ துணையுடன் கொடுத்த கைப்பயிற்சி வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்பாட்டை மேம்படுத்தவில்லை. அதற்காக வீட்டுப் பயிற்சியே பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம்: அதே ஆண்டு வெளிவந்த, 124 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், சிகிச்சையாளர் தொலைவிலிருந்து கண்காணித்த வீட்டுப் பயிற்சி மருத்துவமனைப் பயிற்சிக்கு ஈடாகவே பலன் தந்தது. எனக்கு விற்றவர் தராமல் விட்டது அந்தக் கண்காணிப்பைத்தான்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், வீக்கத்தைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றச் சொன்னார். “ஐயா, நீங்களே எடுங்க, நான் பிடிக்க மாட்டேன்” என்று தட்டில் கொட்டைப்பாக்கைப் பரப்பி வைத்தார். செலவில்லாத இந்தச் சேவையை முதலிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்காமல் விட்டது என் தவறு.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் விற்பனையாளர் என் எண்ணையே தடுத்துவிட்டார். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம் என்பதால் தஞ்சாவூரில் மனு கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய வங்கி விவரத்துடன், வெறும் கையுறைக்கு 84 மதிப்பெண் விழுந்ததைப் பிறகு மீண்டும் இயக்கி எடுத்த காணொளியையும் இணைத்துள்ளேன். இதே போன்ற கருவி வைத்திருப்பவர்கள் இன்றே அதைக் கையில்லாமல் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.